மூடியைப் பிடிக்க ஓர் ஆள்

ரெத்தினபாயைப் பாறைவிளைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்து நாற்பது நாள் கழிந்து, ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, அவள் வளர்த்த தேனீக்களில் உயிரோடு மிச்சமிருந்தவை எல்லாம் ஒன்றாகத் திரண்டு, அவள் வீட்டுப் பின்முற்றத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளாகவே வந்து உட்கார்ந்தன. அதே உயரம், அதே கொண்டை, மடியில் வைத்த அதே கைகள். முப்பது வருடம் ரப்பர் பால் வாளி தூக்கியதில் இடது தோள் ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கும் அவளுக்கு. தேனீக்கள் அதையும் விட்டுவிடவில்லை.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டு ஸ்டெல்லா. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, சாயா குடிச்சாச்சா என்று கேட்டுவிட்டு, பதிலாக வந்த முரலலையும் கேட்டுக்கொண்டு, தன் அடுக்களைக்குத் திரும்பி வந்து அடுப்பில் இட்டலிப் பானையை ஏற்றின பிறகுதான், கேட்ட ஆள் இறந்துபோனவள் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. நினைப்பு வந்தும் அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இட்டலி வேகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு ஊருக்குச் சொன்னாள்.

நாங்களெல்லாம் போய்ப் பார்த்தோம். போதகர் வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு சுற்று சுற்றிவந்தார், இது உயிர்த்தெழுதலும் இல்லை, பேயும் இல்லை, ஆகவே சபைப் புத்தகத்தில் இதற்குப் பத்தி கிடையாது என்று சொல்லி, வீடு தேடிப் போய்ச் சந்திக்க வேண்டிய நோயாளிகளின் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார். ரேஷன் கடைக்காரர் மட்டும், பெயரை நீக்கியது நீக்கியதுதான், இனி விரல் வைத்தாலும் எந்திரம் ஒத்துக்கொள்ளாது என்று யாரும் கேட்காமலே சொல்லிவைத்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் நாகர்கோவிலிலிருந்து வந்து படம் எடுத்தார். படத்தில் நாற்காலி நிறையத் தேனீதான் விழுந்திருந்தது, ரெத்தினபாய் விழவில்லை. கோபத்தோடு பஸ் ஏறிப் போனார். எங்களுக்கு அவளைத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

பெண்கள் சங்கம் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை அந்த முற்றத்துக்கே மாற்றிக்கொண்டது. பெயர் வாசிக்கும்போது ரெத்தினபாய் என்றதும் நாற்காலியிலிருந்து ஒரு முரலல் எழும், செயலாளர் டிக் போடுவாள். மேல்வீட்டு தாசம்மாள், வேலியோரத்து அயனிப் பலாவுக்காக ஒன்பது வருடம் அவளோடு பேசாமல் இருந்தவள், ஒரு மத்தியானம் தனியாக வந்து எதிரே உட்கார்ந்து, பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். என்ன பேசினாள் என்று நாங்கள் எவ்வளவோ கிண்டிப் பார்த்தோம், வாயைத் திறக்கவில்லை. யாரையும் ஒரு ஈகூடக் கொட்டவில்லை. பத்து நாளில், அவள் இல்லாத நாட்கள் ஏதோ ஊருக்குப் போயிருந்த நாட்கள் என்கிற மாதிரி எங்களுக்கு ஆகிவிட்டது.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் அவள் கிட்டவில்லை. அது அவள் புருஷன் யேசுவடியான்.

அவர் பத்தடி தூரத்தில் வந்தால் போதும், நாற்காலியில் இருந்த உருவம் கலைந்து, கொண்டை முதலில், பிறகு தோள், பிறகு மடி என்று எழும்பிப் பலாமரத்து உச்சிக்குப் போய்விடும். அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தின பிறகுதான் இறங்கிவந்து மறுபடி அவளாக உட்காரும். ஊரே அவளோடு உட்கார்ந்து பேச, அவர் மட்டும் அடுக்களை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பார்க்கச் சகிக்காது.

அவருக்கும் தேனீக்கும் உள்ள பகை பழையது. யேசுவடியான் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கல்யாணம் ஆன முதல் வாரத்தில் ஒரு தேனீ அவர் கண்ணிமையில் கொட்டி, ஒற்றைக் கண்ணோடு டியூட்டிக்குப் போய், குழித்துறைக்கு ஏறினவர்களுக்கெல்லாம் தக்கலை டிக்கெட் கிழித்துக் கொடுத்து, பஸ் மொத்தமும் சிரித்தது. அன்றைக்குப் பிறகு தேன்பெட்டி இருந்த பக்கமே அவர் போனதில்லை. ரெத்தினபாய் பெட்டியைத் திறக்கும்போது மூடியைத் தரையில் வைக்க முடியாது. வைத்தால் எறும்பு ஏறிவிடும். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பின்முற்றத்திலிருந்து அவள் கூப்பிடுவாள்.

"கேட்டியளா, இஞ்ச வந்து இந்த மூடிய ஒண்ணு பிடியுங்க."

"இதா வாறேன்" என்று முன்னறையிலிருந்து அவர் சொல்வார். முப்பத்தொரு வருடமாக அவர் வந்துகொண்டே இருந்தார், வந்து சேரவில்லை. அவள் மூடியைத் தன் வயிற்றுக்கும் பெட்டிக்கும் நடுவே இடுக்கி வைத்துக்கொண்டு வேலையை முடித்துவிடுவாள். இரண்டு பேருக்கும் அதில் சண்டை ஒன்றும் இருந்ததில்லை. அவள் கூப்பிடாத சனிக்கிழமையும் இல்லை, அவர் பதில் சொல்லாத சனிக்கிழமையும் இல்லை.

அவளுடைய தேனீ சாதாரணத் தேனீயும் அல்ல. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு நோய் வந்து எங்கள் பக்கத்து நாட்டுத் தேனீயெல்லாம் புழுவிலேயே அழுகிச் செத்தபோது, ஊரில் பெட்டி வைத்திருந்த அத்தனை பேரும் இத்தாலித் தேனீக்கு மாறிவிட்டார்கள். அது பெரிய ஈ, தேனும் மூன்று மடங்கு தரும். ரெத்தினபாய் மட்டும் பிடிவாதமாக மூன்று மாதம் அலைந்து, ஒரு இடிந்த மண்சுவரின் பொந்தில் நோய்க்குத் தப்பிப் பிழைத்திருந்த ஒரே ஒரு நாட்டுக் கூட்டத்தைக் கண்டுபிடித்து, ஒரு மூங்கில் குழாயில் ராணியை அடைத்துக் கொண்டுவந்தாள். அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, எட்டுப் பெட்டியில் நின்றது. எட்டுக்கு மேல் அவள் வைத்துக்கொள்ள மாட்டாள், கேட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். எங்கள் ஊர் முருங்கையும் புளியும் காய்த்ததற்கு யார் காரணம் என்று அப்போது நாங்கள் யோசித்ததே இல்லை.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயம். அடக்கத்தன்று முற்றம் முழுக்கப் பந்தல் போட்டு, முன்னூறு பேர் வந்து நின்றார்கள். வந்தவர்களை ஈ கொட்டிவிடக் கூடாதே என்று யேசுவடியான், வாழ்நாளில் முதல்முறையாகத் தேன்பெட்டிக்குப் பக்கத்தில் போய், தேங்காய்க் கதம்பலின் நாரைப் பிய்த்து எட்டுப் பெட்டியின் வாசலையும் அடைத்தார். நல்லெண்ணத்தில்தான் அடைத்தார். பிறகு சவப்பெட்டியைத் தூக்கிப் போனார்கள், மண் போட்டார்கள், சொந்தக்காரர்கள் இருந்தார்கள், போனார்கள். நாலாம் நாள் பின்முற்றத்தில் தேன் வழிந்து எறும்பு சாரை சாரையாக வந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு வாசல் நினைவு வந்தது. மார்ச் மாத வெயில். ஏழு பெட்டியில் மெழுகு உருகி, தேனடைகள் சரிந்து, எல்லாம் செத்துக் கிடந்தன. எட்டாவது பெட்டியின் மூலையைக் கறையான் தின்றிருந்ததால் அதிலிருந்தவை மட்டும் அந்த ஓட்டை வழியாகத் தப்பிப் போயிருந்தன. செத்தவற்றை ஓர் ஓலைக் கடவத்தில் அள்ளிப் பலாமரத்தடியில் புதைத்துவிட்டு, அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் தேனீக்கள் அவரைக் கண்டதும் எழும்பிப் போவதற்குக் காரணம் கதம்பல்தான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஷீபா ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஷீபா தேனீ வளர்ப்போர் சங்கத்தில் வகுப்பு எடுக்கிறவள். ஸ்கூட்டரின் முன்னால் புகை போடும் டப்பாவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போவாள், வாயில் வந்ததைச் சொல்லிவிடுவாள். ரெத்தினபாயிடமிருந்து நாட்டுத் தேனீ வாங்கினவர்களில், வாங்கின இரண்டு கூட்டத்தையும் இன்னும் கைவிடாமல் வளர்க்கிற ஒரே ஆளும் அவள்தான். அவள் யேசுவடியானின் பக்கத்தில் வந்து ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, முட்டுக்குத் தேய்க்கிற தைலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மணக்கிறது, எந்தத் தேனீ கிட்ட நிற்கும் என்று கேட்டாள். மாமியின் கோபத்தையெல்லாம் தன்னிடம் கேட்க வேண்டாம், தனக்கு ஈயைப் பற்றித்தான் தெரியும் என்றாள்.

முப்பது வருடம் பஸ்ஸில் நின்ற முட்டு அது. அன்று முதல் அவர் தைலத்தை விட்டார். வலியில் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். கறுத்த நிறம் ஈக்கு ஆகாது என்று ஷீபா சொன்னதால் வெள்ளை முண்டும் வெள்ளைச் சட்டையும் மட்டுமே உடுத்தினார். அவள் வாரம் இரண்டு தரம் வந்து அவருக்குப் பாடம் எடுத்தாள்: கையை வீசக் கூடாது, முகத்துக்கு நேரே மூச்சு விடக் கூடாது, பயந்தால் வேர்க்கும், வேர்த்தால் அதற்குத் தெரியும், பயம் வந்தால் நடக்காமல் அப்படியே நிற்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மற்றவர்களை முன்னால் போ, முன்னால் போ என்று தள்ளின மனிதர், ஒரு அடி முன்னால் போக நாலு நாள் எடுத்துக்கொண்டார். எட்டடியில் நின்றார், பிறகு ஆறடியில். மே மாதம் பாதியானபோது மூன்றடியில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார், அவள் எழும்பிப் போகவில்லை. அன்று அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை சாப்பிடாமல் அங்கேயே இருந்தார். ஸ்டெல்லா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள், நாங்களும் கொஞ்சம் அழுதோம்.

ஆனால் அவர் நெருங்க நெருங்க, அவள் குறைந்துகொண்டு வந்தாள். முதலில் வலது கையின் சுண்டுவிரல் இல்லாமல் போனது. பிறகு ஒரு காது. பிறகு கொண்டை சிறுத்தது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பெயர் வாசித்தால் முரலல் முன்பு மாதிரிக் கேட்கவில்லை, செயலாளர் இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. நாற்காலிக்கடியில் ஒவ்வொரு காலையும் ஒரு கைப்பிடி செத்த ஈ கிடந்தது. யேசுவடியான் அதைக் கூட்டி அள்ளாமல் கையாலேயே பொறுக்கி எடுத்தார்.

ஷீபா வந்து, குனிந்து, ரெத்தினபாயின் மடிப் பக்கமாகக் கீழிருந்து மேலே வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் வழக்கமான துடுக்கு இல்லை.

"மாமா, உள்ள ஒரு அடைகூடக் கட்டல்ல. அடை இல்லேன்னா ராணி எங்க முட்டை வைக்கும்? ஒரு ஈக்கு ஆயுசு ஒண்ணரை மாசம். இதுங்க செய்யுத வேலை மொத்தமும் மாமியா இருக்கதுக்கே போவுது. இடவப்பாதி மழை விழுந்தா ஒண்ணும் மிஞ்சாது. பெட்டியில ஆக்கணும்."

பெட்டியில் ஆக்கினால் உருவம் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. அது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதாக இல்லை.

"இப்பதான் மக்களே, அவ என்னைக் கிட்ட இருக்க விட்டா" என்றார் யேசுவடியான்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் பெரிய கலாட்டா ஆனது. பெண்கள் சங்கம் தீர்மானமே போட்டது, ரெத்தினபாயைப் பெட்டிக்குள் போட யாருக்கும் உரிமை இல்லை, ஒரு தடவை போட்டதே போதும் என்று. தாசம்மாள் தன் செலவில் தகரக் கூரை போட்டுத் தருவதாகச் சொன்னாள். கூரை மழையைத் தடுக்கும், பசியைத் தடுக்குமா என்று ஷீபா கேட்டதற்கு, சீனியைக் கரைத்துச் சிரட்டையில் வைத்தால் போகிறது என்றார்கள். வைத்துப் பார்த்தார்கள், குடித்துவிட்டு அவளாகவே இருந்தன, அடை கட்டவில்லை. போதகரிடம் கேட்டபோது அவர் யோசித்து, புருஷன் இருக்கும்போது நான் எப்படிச் சொல்வது என்று நழுவிவிட்டார். கடைசியில் எல்லாரும் யேசுவடியானின் முகத்தைப் பார்த்தோம். எங்களில் பாதிப் பேருக்கு அவர் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்றுதான் ஆசை. உண்மையைச் சொன்னால், எங்கள் எல்லாருக்குமே.

நாலு நாள் அவர் முக்காலியில் உட்கார்ந்து, பஸ் கதையெல்லாம் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உயிரோடிருந்தபோது வீட்டில் அவர் வாய் திறந்ததை நாங்கள் கேட்டதில்லை. ஐந்தாம் நாள், அதாவது மே முப்பத்தொன்று, பகல் இரண்டு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. அவர் எழும்பி வீட்டுக்குள் போய், கறையான் தின்ற மூலையில் தானே பலகை வைத்து அடித்துச் சரிசெய்திருந்த எட்டாவது பெட்டியை, முட்டு வலியோடு நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து, நாற்காலிக்கு எதிரே பழைய ஸ்டாண்டின் மேல் வைத்தார். ஷீபாவுக்கு ஆள் போனது. அவள் தன்னுடைய நாட்டுக் கூட்டத்திலிருந்து, புழுவும் முட்டையும் உள்ள ஓர் அடைச் சட்டத்தை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து பெட்டிக்குள் இறக்கினாள். பிள்ளை வாசம் அடித்தால் விட்டுப் போகாது என்றாள்.

இனி ராணியைப் பிடித்து உள்ளே விட வேண்டும், மற்றவை பின்னால் வரும். ராணி எங்கே இருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். நெஞ்சில் என்றோம், கொண்டையில் என்றோம். ஷீபா கையை நீட்டப் போனபோது யேசுவடியான் அவளைத் தடுத்தார். சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். நேராக ரெத்தினபாயின் இடது கையைப் பார்த்தார். மடியில் அது மட்டும் ஒரு விரலும் குறையாமல், இறுக மூடியபடி இருந்தது.

கல்யாணத்தன்று போதகர் பிடித்துக் கொடுத்தபோது பிடித்த கை. அதற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்ததே இல்லை, எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் யாருக்கும் கிடையாது. இப்போது ஊர் முழுக்க வேலியோரம் நின்று பார்க்க, அவர் தன் கையை அவள் கைக்குள் வைத்தார். மணிக்கட்டு வரை ஈக்கள் மூடிக்கொண்டன. அவர் வேர்க்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. ஷீபா அவசரப்படுத்தவில்லை, தூறல் விழ ஆரம்பித்தும் யாரும் நகரவில்லை. பிறகு அவள் விரல்கள் மெதுவாகத் திறந்தன. நடுவில், மற்றவற்றைவிட நீளமாக, கறுத்து, ராணி இருந்தது.

அவர் அதை உள்ளங்கையில் ஏந்திப் பெட்டிக்குள் இறக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அவள் அவருடைய கை வழியாகவே போக ஆரம்பித்தாள். விரல்கள் போயின, தாழ்ந்த தோள் போனது, மடி போனது, கடைசியாக முகம் போனது, எல்லாம் அவர் முழங்கையில் ஏறி, உள்ளங்கையில் இறங்கி, பெட்டிக்குள் போயின. சிவப்பு நாற்காலி வெறுமையாக நனைந்தது. ஒரு ஈகூட அவரைக் கொட்டவில்லை. கொட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவர் ஸ்டெல்லாவிடம் சொன்னாராம்.

புதுக்கூட்டத்துக்கு நாலு நாளாவது வாசலில் தகடு வைக்க வேண்டும், ராணி வெளியே வர முடியாதபடி, அதுதான் முறை. ஷீபா தகட்டை எடுத்தாள். யேசுவடியான் தலையை ஆட்டினார்.

"வாசல நான் இனி அடைக்க மாட்டேன்."

"விட்டுப் போயிரும் மாமா."

"போணும்னா போவட்டு."

பதினோரு நாள் மழை விடாமல் அடித்தது. அத்தனை நாளும் அவர் முக்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, பெட்டிக்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தான் பாதி நனைந்துகொண்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தார். ஒரு ஈயும் வெளியே வரவில்லை. உள்ளே இருக்கிறதா, செத்துவிட்டதா, மழைக்கு நடுவில் எப்போதாவது கண்ணசந்த நேரத்தில் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டாலும் மழைச் சத்தம்தான் கேட்டது. செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. பெயர் வாசிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் வெயில் வந்தது. சனிக்கிழமை. ஷீபா ஸ்கூட்டரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு வந்து, புகை டப்பாவைப் பற்றவைத்து, மூடியை நெம்பினாள். கீழே வைக்க இடம் பார்த்தாள். தரை முழுக்க மழைக்கு வெளியே வந்த எறும்பு.

"மாமா, இஞ்ச வந்து இந்த மூடிய ஒண்ணு பிடியுங்க."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. பெட்டி திறக்கிற யாரும் சொல்கிற பேச்சு அது. ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் எல்லாரும் முக்காலியின் பக்கம் திரும்பினோம். யேசுவடியான் முக்காலியிலிருந்து எழும்பினார். முட்டு மடங்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார், நாலு எட்டு வைத்தார். மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஷீபா ஒவ்வொரு சட்டமாக மேலே தூக்கினாள். சட்டம் நிறைய ஈ. வெள்ளை வெளேரென்று புது அடை, அறைக்கொன்றாக முட்டை. அவள் அவற்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, அடை மட்டும் இடது பக்கம் ஒரு விரல் அளவு சரிந்து இறங்கியிருக்கிறது, ஸ்டாண்டு சமமாக இல்லை, காலுக்கு அடியில் ஒரு ஓடு வைத்தால் சரியாகிவிடும் என்று சொன்னாள்.

அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு, மூடியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.

"வந்துட்டேன்" என்றார். "பிடிச்சிருக்கேன். நீ அவசரப்படாம, பதுக்கப் பாரு."

ஸ்டாண்டுக்கு இன்றுவரை யாரும் ஓடு வைக்கவில்லை.